கைவசம் ஐந்து கலை, முடிந்தது ஒன்றுமில்லை

வாசகர் கேள்வி – பதில்: மாணவர் பக்கம்

படிப்புக்கு நடுவே பாட்டு, படம், எழுத்து என்று பலதையும் கையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களை எழுதச் சொல்லியிருந்தோம். பழைய வட ஆற்காடு பக்கமிருந்துதான் கடிதங்கள் அதிகம். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகிவிட்டது. புலம்பல் மட்டும் இன்னும் பிரியவில்லை.

வீணை கற்கிறேன், வாட்டர்கலர் போடுகிறேன், கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறேன், சிறுகதை எழுதுகிறேன், இப்போது ஜப்பானிய மொழியும் ஆரம்பித்திருக்கிறேன். திங்கள் வீணை, செவ்வாய் ஓவியம் என்று அட்டவணை போட்டேன். மூன்று வாரத்துக்கு மேல் ஓடவில்லை. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்கிறார் பாட்டி. எதை விடுவது?
– பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, சத்துவாச்சாரி

எதையும் விட வேண்டாம். முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். நாளுக்கு ஒரு கலை என்பது பார்க்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் ஓடாது. ஒவ்வொன்றும் ஏழு நாளுக்கு ஒருமுறைதான் கைக்கு வருகிறது. போன வாரம் எங்கே விட்டோம் என்று தேடவே முதல் இருபது நிமிடம் போய்விடும். நடுவில் ஒரு இன்டர்னல் வந்து ஒரு செவ்வாய் தவறினால் ஓவியத்துக்குப் பதினான்கு நாள் இடைவெளி. அதற்குள் தட்டில் வண்ணம் காய்ந்திருக்கும், ஆசையும்தான்.

ஐந்துக்கும் சம நேரம் கொடுக்க நினைத்ததுதான் கோளாறு. ஒவ்வொரு கலைக்கும் மூன்று கணக்கு உண்டு. எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு தடவை உட்கார்ந்தால் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும், விட்டால் எவ்வளவு சீக்கிரம் கை மறக்கும். ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள்.

வாட்டர்கலருக்கு எடுத்து வைக்கப் பத்து நிமிடம், கழுவி வைக்கப் பத்து நிமிடம். ஒன்றரை மணி இல்லாமல் உட்கார்ந்து பயனில்லை. ஆனால் பத்து நாள் விட்டாலும் பெரிதாகக் கை மறக்காது. வீணை நேர் எதிர். சுருதி சேர்க்க ஐந்து நிமிடம், அரை மணி வாசித்தாலே போதும். ஆனால் சில வாரம் தொடாவிட்டால் இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உள்ள காய்ப்பு இளகிவிடும், திரும்பத் தொடும்போது வலிக்கும். ஜப்பானிய எழுத்துகள் இன்னும் மோசம். ஹிரகானாவின் 46 எழுத்தையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு அடுத்த வாரம் பார்க்காவிட்டால் பாதி போயிருக்கும். அதற்குத் தேவை தினம் பத்து நிமிடம், அவ்வளவுதான். குரோஷாவுக்குத் தயாரிப்பே கிடையாது, பஸ் நிறுத்தத்தில்கூடப் பின்னலாம். கதை எழுதக் கருவி எதுவும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் மனம் கதைக்குள் போகவே இருபது நிமிடம் கேட்கும்.

இந்தத் தாளைப் பார்த்தாலே வழி தெரியும். சீக்கிரம் மறப்பதற்குத் தினமும் கொஞ்சம். மெதுவாக மறப்பதற்கு வாரத்தில் ஓரிரு முறை நீண்ட நேரம். இதன் மேல் ஆறு வாரச் சுற்று ஒன்றைப் போடுங்கள். ஒரு சுற்றில் முதன்மை ஒன்றே ஒன்று. கை மறக்காமல் காப்பாற்ற வேண்டியவை இரண்டு. மீதி இரண்டும் பரணில். உங்கள் முதல் சுற்றுக்கு ஓவியம் முதன்மை, வீணையும் ஜப்பானியமும் காப்பு, கதையும் குரோஷாவும் பரண் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதன்மைக்கு ஒரு முடிவுப் பொருள் வேண்டும். ‘வாட்டர்கலரில் தேற வேண்டும்’ என்பது முடிவுப் பொருள் ஆகாது. ‘ஏ5 அளவில் கோட்டைப் படங்கள் எட்டு’ என்பது ஆகும். கணக்கு போடுங்கள்: வாரம் இரண்டு முறை, ஆறு வாரம், ஆகப் பன்னிரண்டு அமர்வு. எட்டு படத்துக்கு எட்டு அமர்வு. மீதி நான்கு கெட்டுப்போகிற படங்களுக்கு. இந்த நான்கை ஒதுக்காதவர்கள்தான் நாலாவது வாரம் சோர்ந்து எழுந்து போகிறார்கள். படம் கெட்டதைவிட, கணக்கில் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம்தான் அவர்களை விரட்டுகிறது. சுற்றை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒரு சுற்று செமஸ்டர் திறந்த இரண்டாவது வாரத்தில் தொடங்கட்டும். செமஸ்டர் தேர்வு மாதத்தில் முதன்மை என்று ஒன்று வேண்டவே வேண்டாம், காப்பு மட்டும் ஓடட்டும்.

பரணில் ஏற்றுவதற்கும் முறை உண்டு. அப்படியே விட்டுவிட்டால் திரும்ப எடுக்கவே மனம் வராது. ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிப் பொருளோடு வையுங்கள்: எதுவரை வந்தது, அடுத்து செய்ய வேண்டிய ஒரே வேலை என்ன, மீதிச் சாமான் எங்கே இருக்கிறது. குரோஷாவானால் எத்தனையாவது வரிசை, வரிசைக்கு எத்தனை கண்ணி, எந்த எண் ஊசி என்பதையும் எழுதிவிட்டு, கடைசிக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டுங்கள். பின்னல் பிரியாது. ஊசி எண்ணை எழுதாமல் விட்டு, இரண்டு மாதம் கழித்து வேறு ஊசியில் தொடர்ந்தால் பின்னல் ஒருபுறம் இறுகி மறுபுறம் தொளதொளவென்று நிற்கும்.

மூன்றாவது வாரம் ஆறாவதாக ஒன்றின் மேல் ஆசை வரும். இது எல்லாருக்கும் வருவது. புதிதாகத் தொடங்கும் எதிலும் முதல் சில நாள் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பழையதில் அது மெதுவாகிவிட்டது, அதனால் புதியது இனிக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆசையையும் தேதியையும் எழுதுங்கள். சுற்று முடியும்வரை அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சாமான் வாங்குவதையே கற்றுக்கொள்வதாக மனம் எண்ணிக்கொள்ளும்.

கதையையும் ஓவியத்தையும் சேர்த்துப் படக்கதை செய், அதற்கு வீணையில் பின்னணி வாசி என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் மூன்றில் எது பின்தங்கியிருக்கிறதோ அதன் வேகத்தில்தான் மொத்த வேலையும் நகரும். இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று, வீணையை எடுக்கச் சோம்பலாக இருக்கிறதென்று உறையில்லாமல் ஜன்னலோரம் நிறுத்தி வைக்கிறவர்கள் உண்டு. கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பது நல்லதுதான். ஆனால் மெட்டுகள், அதாவது தந்திகளுக்கு அடியில் வரிசையாக உள்ள உலோகக் கம்பிகள், மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. நம்மூர் மே மாத வெயில் நேராகப் பட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுரம் பிசகும். உட்சுவர் ஓரம் வையுங்கள்.

சில நாள் எழுத உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாமல் ஓடுகிறது. பல நாள் ஒரு வரிகூட வருவதில்லை. அந்த ஓட்டத்தை வேண்டும்போது வரவழைக்க முடியுமா?
– பி.ஏ. தமிழ் மாணவர், ஆற்காடு

வேண்டியபோது வரவழைக்க முடியாது. வருவதற்கு வாய்ப்பான நிலையை உண்டாக்கலாம். இந்த ஓட்டத்தை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற உளவியலாளர். மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனமாடுகிறவர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரையும் கேட்டார். திரும்பத் திரும்பக் கிடைத்தவை மூன்று: இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு, செய்தது சரியா தவறா என்று உடனே தெரிவது, வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறையச் சமமாக இருப்பது.

வாத்தியத்தில் இரண்டாவது இயல்பாகவே இருக்கிறது, அபசுரம் விழுந்தால் காது சொல்லிவிடும். எழுத்தில் அது கிடையாது. எழுதிய வரி நன்றாக இருக்கிறதா என்று யாரும் உடனே சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் மனம் நழுவி மொபைலுக்குப் போகிறது. ஆகவே நீங்களே அதை உண்டாக்க வேண்டும். ‘கதை எழுதுவேன்’ என்று உட்காராமல், ‘அண்ணனும் தம்பியும் வீட்டுப் பாகம் பற்றிப் பேசுகிற இடம், இருநூறு சொல்’ என்று உட்காருங்கள். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறுகிற வாக்கியத்தின் கீழ் கோடு போடுங்கள், திருத்த வேண்டாம். திருத்துவது மறுநாள் வேலை. எழுதும்போதே திருத்தினால் இரண்டும் கெடும்.

தொடங்குவதற்கு எளிய வழி, நேற்று எழுதிய கடைசிப் பத்தியைக் கையால் அப்படியே திரும்ப எழுதுவது. ஐந்தாறு வரி போவதற்குள் பழைய நடை கைக்கு வந்துவிடும். அதுபோல, முடிக்கும்போது அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். வற்றும்வரை எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வறண்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டிவரும்.

முதல் பதினைந்து, இருபது நிமிடம் எரிச்சலாகத்தான் இருக்கும். பலரும் ‘இன்றைக்கு மூடு இல்லை’ என்று எழுந்துவிடுவது அந்த நேரத்தில்தான். அந்த இருபது நிமிடத்துக்கு மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது.

அசைன்மென்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்தால் அதன் மிச்சம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதையே ஆராய்ந்து சோஃபி லெராய் என்பவர் 2009இல் கட்டுரை எழுதினார். அரைகுறையாக விட்ட வேலை, அடுத்த வேலைக்கான கவனத்தைத் தின்கிறது. அசைன்மென்டை மூடும்முன் ‘நாளை மூன்றாம் கேள்வியின் அட்டவணையிலிருந்து தொடங்கு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.

கடினத்தைச் சரிசெய்ய ஒரு கைக்கணக்கு உண்டு. எந்தப் பயிற்சியும் பத்து முறைக்கு இரண்டு முறை சறுக்க வேண்டும். சறுக்கவே இல்லையென்றால் சலிப்பு வரும், வேகத்தையோ நீளத்தையோ கூட்டுங்கள். ஐந்து முறை சறுக்கினால் பதற்றம் வரும், குறையுங்கள்.

வேலூர்க் கோட்டையை நேரில் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைகிறேன். வானத்துக்கு வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரப்பாக இழுப்பது) போட்டால் பாதியிலேயே திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடுகிறது. அதோடு உற்சாகமும் போய்விடுகிறது.
– கட்டடக்கலை மாணவர், காட்பாடி

உங்கள் கை சரியாகத்தான் இருக்கும். ஊர் வெயிலும் தாளும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஈரமான வண்ணத்தின் ஓரம் காய்வதற்குள் அடுத்த தூரிகை அங்கே சேர வேண்டும். வறண்ட வெப்பத்தில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

நேரத்தை மாற்றுங்கள். கோடையில் காலை எட்டரைக்குள் வாஷ் வேலை முடிந்துவிட வேண்டும். அகழிக் கரையில் மர நிழலாகப் பார்த்து, காற்று முதுகில் படும்படி உட்காருங்கள். காற்று தாள்மேல் அடித்தால் வெயில் இல்லாவிட்டாலும் காய்ந்துவிடும். வீட்டில் போடும்போது வாஷ் முடியும்வரை மின்விசிறியை நிறுத்துங்கள்.

தாள் கனமாக, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும், பணம் இருந்தால் பருத்தித் தாள். மரக்கூழ்த் தாளைவிட அது ஈரத்தை அதிக நேரம் பிடித்துவைக்கும். முதலில் தாளின் பின்புறத்தை ஸ்பாஞ்சால் நனையுங்கள், ஒரு நிமிடம் கழித்து முன்புறம். பிறகு அட்டைமேல் படியவைத்து நாலு பக்கமும் கிளிப் போடுங்கள். நனைந்த தாளில் மாஸ்கிங் டேப் ஒட்டாது. டேப்தான் வேண்டுமென்றால் பின்புறம் நனைக்காமல் காய்ந்த தாளை ஒட்டிவிட்டு முன்புறம் மட்டும் நனையுங்கள்.

வண்ணத்தை முன்கூட்டியே கரைத்து வைக்காததுதான் அடுத்த தவறு. ஏ5 தாளின் வானத்துக்கு இரண்டு டீஸ்பூன் அளவு கரைசல் தயாராக இருக்க வேண்டும். பாதியில் தீர்ந்து, மறுபடி கலக்குவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். அட்டையை மேல்பக்கம் நாலு விரல்கட்டை உயர்த்தி, பெரிய வட்டத் தூரிகையால், பன்னிரண்டாம் எண் இருந்தால் நல்லது, மேலிருந்து இடவலமாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்பின் கீழும் நீர்த்துளி வரிசையாகத் தேங்கி நிற்க வேண்டும். அடுத்த இழுப்பு அந்தத் தேக்கத்தைத் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும். கடைசியில் தேங்குவதைப் பிழிந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். எடுக்காவிட்டால் அந்த நீர் மேலே ஏறி, காலிஃபிளவர்போல் கறை விழும். பாதி காய்ந்த இடத்தைத் ‘திருத்த’ப் போனாலும் அதே கறைதான்.

மே மாதத்தில் இன்னொரு உபாயம்: அரை டம்ளர் தண்ணீருக்கு நாலைந்து சொட்டு கிளிசரின். மெடிக்கல் கடையில் கிடைக்கும். காய்வது தாமதப்படும். அதிகம் விட்டால் தாள் பிசுபிசுவென்று இருந்து தூசி பிடிக்கும்.

கருங்கல் சுவருக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். நீலம் தூக்கலானால் நிழல், சியன்னா தூக்கலானால் வெயில் பட்ட கல். அகழி நீரில் தெரியும் பிம்பத்தில் சுவரின் வெளிச்சப் பகுதி சற்று மங்கலாகவும் இருட்டுப் பகுதி சற்று வெளிறியும் வர வேண்டும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டால் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது.

மகன் பிளஸ் டூ. மிருதங்கம், செஸ், படம் வரைதல் எல்லாம் உண்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு. அதுவரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

ஐயா, மூன்றும் ஒரே அளவு நேரம் தின்பவை அல்ல. முதலில் செஸ்ஸைப் பாருங்கள். பலகையில் ஆடுகிறானா, மொபைலில் மூன்று நிமிட ஆட்டமா? மொபைலென்றால் உங்கள் கவலை நியாயம். தோற்றதும் அடுத்த ஆட்டம் தானாக வந்து நிற்கும், ஒரு மணி நேரம் போனது தெரியாது. அதை நிறுத்திவிட்டு, ஞாயிறு மாலை ஆளுக்கு அரை மணிக் கணக்கில் பலகையில் ஒரே ஒரு ஆட்டம். முடிந்தால் நீங்களே எதிரில் உட்காருங்கள்.

மிருதங்கத்தை மூன்று மாதம் முழுக்க விட்டால் விரலின் சுத்தம் குறையும், மீட்க வெகுநாள் ஆகும். ஆனால் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், ரவை பூசி, பதம் பார்த்து, பிறகு சுரண்டித் துடைக்கவே கால் மணி போய்விடும். வார நாட்களில் வாத்தியத்தை எடுக்க வேண்டாம். தாளம் போட்டுச் சொற்கட்டை, அதாவது வாசிப்புக்கான தாளச் சொற்களை, வாயால் சொல்லட்டும், பதினைந்து நிமிடம், சாயங்காலம் படிக்க உட்காருமுன். ஞாயிறு மட்டும் ரவை பூசி ஒரு மணி நேரம் வாசிக்கட்டும்.

படத்தை விட்டுவிடுங்கள். எப்படியும் இயற்பியல் நோட்டு ஓரத்தில் வரையத்தான் போகிறான்.

வாணியம்பாடியிலிருந்து காட்பாடிக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறேன். போட்டோ எடுப்பேன், உருது எழுத்து கற்கிறேன், குறும்படத்துக்குத் திரைக்கதையும் எழுத ஆசை. ரயில் நேரத்தை எப்படிப் பயன்படுத்தலாம்?
– பி.காம். மாணவர்

ரயிலில் திரைக்கதை எழுத வேண்டாம். ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் கூட்டம் ஏறும், இடம் மாறும், பேச்சு கேட்கும். நீண்ட கவனம் அங்கே நிற்காது. துண்டு துண்டாகச் செய்யக்கூடியவற்றை அங்கே தள்ளுங்கள்.

போகும்போது உருது. எழுத்துகளை அகர வரிசையில் படிக்காமல் குடும்பமாகப் படியுங்கள். உருவம் ஒன்றே, புள்ளியின் இடமும் எண்ணிக்கையும்தான் மாறும் என்கிற எழுத்துகள் நிறைய உண்டு. ஒரு உருவம் பழகினால் நாலைந்து எழுத்து வந்துவிடும். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வரும்போது வடிவம் மாறும். அதனால் அட்டையின் ஒருபுறம் தனி எழுத்தையும் மறுபுறம் மூன்று வடிவங்களையும் எழுதுங்கள். இன்று பார்த்ததை நாளை, பிறகு நாலாம் நாள், எட்டாம் நாள் பாருங்கள். இடைவெளி விட்டுப் படித்தால் நிலைக்கும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே எழுதிவிட்டார். உங்கள் ஊர்க் கடைவீதியில் உருதுப் பெயர்ப்பலகை எங்கே கண்டாலும் நின்று படியுங்கள். அச்செழுத்தைவிட அதில்தான் கண் பழகும்.

திரும்பும்போது களைப்பாக இருக்கும், அப்போது போட்டோக்களைக் கழியுங்கள். இருபதுக்கு ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். திரைக்கதைக்கு வீட்டில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்.

எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடுமாமே? ஒரு நாள் தவறிவிட்டது, செயலியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விட்டது. திரும்ப முதலிலிருந்தா?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

வேண்டாம். 21 நாள் கதை, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார். ‘குறைந்தது’ என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறியதால் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான்.

செயலியை நீக்கிவிட்டுச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டுங்கள். செய்த நாளுக்கு ஒரு கோடு. தொடர்ந்து இரண்டு நாள் தவறக் கூடாது என்பது மட்டும் விதி.

பரணில் போட்டதை ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று எப்போது முடிவு செய்வது?
– பெயர் வேண்டாம், மேல்விஷாரம்

இரண்டு சுற்றாக முதன்மைக்கு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, காப்பிலும் வைக்கவில்லை என்றால் சாமானை ஜூனியர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நூல், தாள், பயிற்சிப் புத்தகம், திறக்காத வண்ணம் எல்லாம் கைமாறலாம். திறந்த ட்யூபைத் தள்ளிப்போடாமல் உடனே கொடுங்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் உள்ளேயே காய்ந்து கல்லாகிவிடும்.